“காலை எடுத்துவிடலாமா, டாக்டர்?” – செந்தூலிலிருந்து ஒரு தாயின் கடிதம்

கோலாலம்பூர், செந்தூலிலிருந்து ஒரு தாய், எலும்புப் புற்றுக்கு அறுவை செய்யும் மருத்துவரான எனக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகனுக்கு 13 வயது. முதலாம் படிவ மாணவன். பள்ளிக் கால்பந்துக் குழுவின் கோல் காவலன். திடலில் ஒருநாள் விழுந்தான். அதன் பிறகு வலது முழங்காலுக்குச் சற்று மேலே வலி. சுளுக்கு என்று நினைத்து, தெரிந்த ஒருவரிடம் ஆறு வாரம் எண்ணெய் போட்டு உருவவிட்டார்கள். வலி குறையவில்லை. நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து அழத் தொடங்கினான். வீக்கமும் கண்ணுக்குத் தெரிந்தது. எக்ஸ்ரே, எம்ஆர்ஐ, திசுப் பரிசோதனை எல்லாம் முடிந்து வந்த முடிவு: தொடை எலும்பின் கீழ் முனையில் ஆஸ்டியோசர்கோமா என்னும் எலும்புப் புற்று. நுரையீரல் ஸ்கேனில் எதுவும் இல்லை. கட்டி, எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டைத் தொட்டுவிட்டது, மூட்டுக்குள் நுழையவில்லை.

அடுத்த வாரம் கீமோ தொடங்குகிறது. ஏறக்குறைய பத்து வாரம் கழித்துக் கட்டியுள்ள எலும்பை அகற்றிவிட்டுக் காலைக் காப்பாற்றலாம் என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உலோக மூட்டு வைப்பதா, அவனுடைய எலும்பையே உறையவைத்துத் திரும்பப் பொருத்துவதா என்று யோசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கணவரின் அண்ணன், “உயிர்தான் முக்கியம், காலை எடுத்துவிடுங்கள்” என்கிறார். பாட்டி, “கத்தி பட்டால் பரவும்” என்று சொல்லி துரியான் பெலாண்டா (முள் சீத்தா) இலையைக் காய்ச்சிக் கொடுக்கிறார். லோரி ஓட்டும் கணவர் பேச்சையே நிறுத்திவிட்டார். பையனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. கால் பிழைத்தால் மகன் பத்துமலை முருகனுக்குக் காவடி எடுப்பான் என்று இவர் வேண்டிக்கொண்டிருக்கிறார். கடிதம் இப்படி முடிகிறது: “நான் உருவவிட்டதால்தான் இப்படி ஆனதா? காலைக் காப்பாற்றப் போய்ப் பிள்ளையைப் பறிகொடுத்துவிடுவேனா?”

அம்மா,

உங்கள் நெஞ்சை அரித்துக்கொண்டிருக்கும் கேள்விக்கே முதலில் வருகிறேன். நீங்கள் உருவவிட்டதால் இந்த நோய் வரவில்லை. திடலில் விழுந்ததாலும் வரவில்லை. எலும்பு விறுவிறுவென்று வளரும் வயதில், அதிலும் மிக வேகமாக வளரும் முழங்கால் பகுதியில்தான் இந்தப் புற்று பெரும்பாலும் தலைகாட்டுகிறது. பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு மூன்று முதல் ஐந்து பேருக்கு வரும் அரிய நோய் இது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதனால்தான் வந்தது என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. விழுந்த அன்று அந்த இடத்தின் மேல் எல்லோருடைய கவனமும் திரும்பியது, அவ்வளவுதான். கட்டி அதற்கு முன்பே அங்கே இருந்தது.

ஆறு வாரத் தாமதம் நல்லதல்ல என்பதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் அந்தத் தவற்றில் நீங்கள் தனியாக இல்லை. என் அறைக்கு வரும் பிள்ளைகளில் எத்தனையோ பேரின் முழங்காலில் எண்ணெய் மினுமினுப்போடு மஞ்சள் கறையும் இருக்கும். சுளுக்கு என்று நினைப்பது இயல்பு. நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்ற செய்தியை இறுகப் பற்றிக்கொள்ளுங்கள். இந்த நோயில் ஒரு தாய்க்குக் கிடைக்கக்கூடிய பெரிய நல்ல செய்தி அது. இன்றிலிருந்து அந்தக் காலை யாரும் உருவவோ அழுத்தவோ கூடாது. கட்டி அரித்த எலும்பு லேசான தடுக்கலிலும் முறியும். முறிந்தால் புற்றணுக்கள் ரத்தக் கசிவோடு சுற்றியுள்ள சதைக்குள் போகும், காலைக் காப்பாற்றுவது கடினமாகும். கழிவறைக்குப் போகும்போதும் ஊன்றுகோல் வேண்டும். குளியலறைத் தரை வழுக்காமல் ரப்பர் விரிப்புப் போடுங்கள்.

காலை எடுத்தால் உயிர் உறுதியா?

உங்கள் மூத்தார் அன்பினால்தான் அப்படிச் சொல்கிறார். காலைக் கொடுத்து உயிரை வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கை அது. அப்படி ஒரு பேரம் உண்மையில் இருந்தால் நானும் தயங்காமல் அதையே சொல்வேன்.

1970களுக்கு முன் உலகெங்கும் அதைத்தான் செய்தார்கள். ஆஸ்டியோசர்கோமா என்று தெரிந்ததும் காலை எடுத்துவிடுவார்கள். அப்படியிருந்தும் ஐந்து பேரில் ஏறக்குறைய நான்கு பேர் சில ஆண்டுகளில் இறந்தார்கள். காரணம், நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே பெரும்பாலானவர்களுக்குக் கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத புற்றணுக்கள் ரத்தத்தின் வழியே நுரையீரலைச் சென்றடைந்திருந்தன. எடுக்கப்பட்ட காலோடு அவை போகவில்லை. கோலாலம்பூரிலும் நடந்திருக்கும் டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டத்தைப் பற்றி உங்கள் மகன் பள்ளியில் கேள்விப்பட்டிருக்கலாம். அந்தக் கனடா இளைஞருக்கு வந்ததும் இதே நோய்தான். 1977இல் அவருடைய வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். 1980இல் செயற்கைக் காலோடு 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நுரையீரலில் புற்று தெரிந்ததால் ஓட்டத்தை நிறுத்தினார். அடுத்த ஆண்டு, 22 வயதில் மறைந்தார்.

நிலைமையை மாற்றியது கீமோ. ரத்தத்தில் ஏறி எங்கும் போகக்கூடிய மருந்து வந்த பிறகுதான், பரவாத நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 60 முதல் 70 பேர் ஐந்தாண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். ஆகவே, உங்கள் மகனின் உயிரைக் காக்கும் வேலையில் பெரும்பங்கு அடுத்த வாரம் அவன் கையில் ஏறப்போகும் மருந்துக்கு. அறுவை சிகிச்சைக்கு உள்ள பங்கு, கட்டியை ஒரு துணுக்குகூட விடாமல், சுற்றிலும் நல்ல சதையின் உறையோடு எடுப்பது. அப்படி முழுமையாக எடுக்க முடிந்தால், காலை வைத்துக்கொண்டு எடுத்தாலும் காலோடு எடுத்தாலும் பிழைக்கும் வாய்ப்பு ஒன்றேதான். உங்கள் மகனுக்குள்ள அதே இடத்தில், தொடை எலும்பின் கீழ் முனையில், இந்நோய் வந்த 227 பேரை ஒப்பிட்ட ஆய்வு 1986இலேயே வெளியாகி இதைக் காட்டியது. காலைக் காப்பாற்றும்போது அதே இடத்தில் கட்டி திரும்ப வரும் ஆபத்து சற்றுக் கூடுதல் என்பதும் உண்மை. அதனால்தான் இந்த அறுவையை எலும்புப் புற்றுக்கென்றே பயிற்சி பெற்ற குழு செய்ய வேண்டும் என்கிறோம்.

பாட்டியின் அச்சத்துக்கும் ஓர் அடிப்படை உண்டு. தவறான இடத்தில், தவறான திசையில் கீறித் திசு எடுத்தால், ஊசி போன பாதையில் புற்றணுக்கள் தங்கலாம். அதற்காகத்தான், பின்னர் அறுவை செய்யப்போகும் குழுவே திசுவையும் எடுக்க வேண்டும் என்பது எங்கள் துறையின் விதி. அந்தப் பாதையின் தோலையும் சதையையும் பின்னர் கட்டியோடு சேர்த்தே வெட்டி எடுத்துவிடுவோம். உங்கள் மகனுக்கு அறுவைக் குழுவே திசு எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள், மிகவும் சரி. கத்தி பட்டதால் பரவியது என்று ஊரில் சொல்லப்படும் பெரும்பாலான கதைகளில், கத்தி படுவதற்கு முன்பே நோய் பரவியிருந்தது.

அந்தப் பத்து வாரம் காத்திருப்பு அல்ல

“கட்டி உள்ளே இருக்கும்போது பத்து வாரம் ஏன் சும்மா விட வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். சும்மா விடவில்லை, அம்மா. நுரையீரலில் ஒளிந்திருக்கக்கூடிய அணுக்களுக்கு அந்தப் பத்து வாரமும் மருந்து போய்ச் சேர்கிறது. கட்டியைச் சுற்றிய வீக்கம் பெரும்பாலும் வடிந்து, ஓரங்கள் தெளிவாகும். அறுவையில் எடுத்த கட்டியை நோய்க்கூறு மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்து, நூற்றுக்கு எத்தனை பங்கு செத்திருக்கிறது என்று சொல்வார். 90க்கு மேல் என்றால் மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது என்று பொருள். அதன் பிறகு மீதிக் கீமோ. எல்லாம் சேர்த்து ஏழு மாதம் போலப் பிடிக்கும்.

இந்த மருந்துகள் கடுமையானவை. சிஸ்பிளாட்டின் காதின் கேட்கும் திறனையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம், டாக்சோரூபிசின் இதயத்தை. இவற்றுக்கெல்லாம் மருத்துவமனையில் அவ்வப்போது சோதனை செய்வார்கள். நீங்கள் வீட்டில் கவனிக்க வேண்டியது மெதோட்ரெக்சேட்டை. மிக அதிக அளவில் அதை ஏற்றி, குறித்த நேரத்தில் மாற்று மருந்து கொடுத்து, ரத்தத்தில் அதன் அளவு இறங்குவதை மணிக்கணக்குப் பார்த்துக் காத்திருப்போம். அந்த மருந்தை வெளியேற்றுவது சிறுநீரகம். அந்த நேரத்தில் இலைக் கஷாயமோ, ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையோ, ஃபோலிக் அமிலம் கலந்த சத்து மாத்திரையோ உள்ளே போனால் கணக்கே குழம்பிவிடும். மருந்து உடலில் தங்கி நஞ்சாகலாம், அல்லது மாத்திரை மருந்தின் வேலையையே கெடுக்கலாம். துரியான் பெலாண்டா இலை மனிதருக்கு எந்தப் புற்றையும் குணப்படுத்தியதாக நிரூபணம் இல்லை. பாட்டியின் கையைப் பிடித்து இதைச் சொல்லுங்கள். அந்தக் கைகளுக்கு வேறு வேலை கொடுங்கள்: வாய்ப்புண் வந்து எதையும் விழுங்க முடியாத நாள்களில், காரமில்லாத குழைந்த கஞ்சியை ஆறவைத்துச் சிறுசிறு கரண்டியாக ஊட்ட அவரைவிடப் பொறுமையான ஆள் உங்களுக்குக் கிடைக்கமாட்டார்.

காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நேரம் எதுவானாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இன்னொன்று. இதை உங்களிடம் யாரும் சொல்லாமல் விட்டிருக்கலாம். நம் குடும்பங்களில் பேசக் கூசும் விஷயம். இந்த மருந்துகள் பின்னாளில் குழந்தை பெறும் திறனைக் குறைக்கலாம். பருவமடைந்த பையன் என்றால் கீமோ தொடங்குவதற்கு முன் விந்தணுவைச் சேமித்துவைக்க வழி உண்டு. தொடங்கிய பிறகு அந்த வாய்ப்பு நழுவிவிடும். உங்கள் மகன் அந்த வளர்ச்சியை எட்டியிருக்கிறானா என்று இந்த வாரமே மருத்துவரைக் கேளுங்கள். உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் கணவரைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் பேச்சைத் திரும்பத் தொடங்க இது ஒரு வழியாகவும் அமையலாம்.

எலும்பு போன இடத்தில் என்ன வைப்பது?

கட்டியின் எல்லையைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்து எடுப்போம். ஆகவே தொடை எலும்பின் கீழ்ப்பகுதி, ஏறக்குறைய ஒரு சாண் நீளம், மூட்டோடு போகும். அந்த இடைவெளியை நிரப்ப வழிகள் பல. எதிலும் குறை உண்டு.

உங்கள் மருத்துவர்கள் சொன்ன உறையவைக்கும் முறை ஜப்பானின் கனசாவாவில் வளர்ந்தது. அறுவைக் கூடத்தில் அதைப் பார்த்தால் மறக்காது. வெட்டி எடுத்த எலும்பிலிருந்து கட்டியின் சதையையெல்லாம் சுரண்டி நீக்கிவிட்டு, கழித்தல் 196 பாகையிலுள்ள திரவ நைட்ரஜனில் மூழ்கவைப்போம். பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி வெண்புகை தரையில் வழியும். இருபது நிமிடம். வெளியே எடுக்கும்போது எலும்பு உறைபனி பூத்து மாவு பூசியதுபோல் இருக்கும். பிறகு பதினைந்து நிமிடம் அறைக் காற்றில், பதினைந்து நிமிடம் காய்ச்சி வடித்த நீரில். அந்த ஐம்பது நிமிடமும் தாதி ஒருவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். புற்றணு ஒன்றும் உயிரோடு மிஞ்சாத அந்த எலும்பை எடுத்த இடத்திலேயே வைத்துத் தகடும் திருகும் போட்டு இறுக்குவோம். அளவு கச்சிதமாகப் பொருந்தும், சொந்த எலும்பு, உலோக மூட்டு வாங்கும் செலவும் இல்லை.

ஆனால் உறைந்த எலும்பு செத்த எலும்பு. இரு முனையிலிருந்தும் உயிருள்ள எலும்பு ஊர்ந்து வந்து அதைப் பற்ற மாதக்கணக்காகும். கீமோ நடக்கும்போது இன்னும் மெதுவாகும். அதுவரை முழு எடையை ஊன்ற முடியாது, முறியவும் கூடும். மூட்டின் குருத்தெலும்பும் உறைந்து செத்துவிடுவதால், காலப்போக்கில் மூட்டு தேய்ந்து சரியும். எலும்பின் நடுத்தண்டில் மட்டும் கட்டி இருந்து, மூட்டை விட்டுவைக்க முடிந்தால், நான் இந்த முறையை மிகவும் விரும்புவேன். உங்கள் மகனின் கட்டியோ மூட்டு முனையை ஒட்டி இருக்கிறது.

கொடையாளர் எலும்பும் உண்டு. இறந்தவர்களின் குடும்பத்தார் மனமுவந்து தந்த எலும்பைச் சோதித்து, கதிர்வீச்சில் கிருமி நீக்கிச் சேமிக்கும் திசு வங்கி கிளந்தான் குபாங் கெரியானில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் 1991 முதல் இயங்குகிறது. அதற்கும் உறைந்த எலும்பின் அதே குறைகள்தாம்: ஒட்டத் தாமதம், முறிவு, கிருமித் தொற்று. அந்த எலும்புக்குள் நோயாளியின் சொந்தக் கெண்டைக்காலின் சிற்றெலும்பை ரத்தக் குழாயோடு எடுத்து வைத்து உயிரூட்டும் முறையும் இருக்கிறது. மூட்டு பிழைக்கும் இடங்களுக்குத்தான் அது பொருந்தும்.

உலோக மூட்டு என்பது தொடை எலும்பின் பாதியும் முழங்காலும் சேர்ந்த ஒரே அமைப்பு. வைத்த சில நாளிலேயே பையனை எழுப்பி நிறுத்துவார்கள். சில வாரத்தில் பிடித்துக்கொண்டு நடப்பான். புண் ஆறியதும், இரண்டு மூன்று வாரத்தில், கீமோவைத் திரும்பத் தொடங்கலாம். உயிரைக் காக்கும் மருந்து தடைபடாமல் இருப்பதே எனக்கு முதல் கணக்கு என்பதால், உங்கள் மகனைப் போன்ற நிலையில் நான் பெரும்பாலும் உலோக மூட்டையே பரிந்துரைப்பேன். கீமோவுக்குப் பிறகு எடுக்கும் எம்ஆர்ஐயைப் பார்த்து அவனுடைய அறுவை மருத்துவர் வேறு சொன்னால், அவர் சொல்லே சரி. நான் கடிதத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அதன் குறைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். நூற்றில் பத்துப் பேர் போலக் கிருமித் தொற்றுக்கு ஆளாகிறார்கள். உலோகம் தேயும், தளரும். 13 வயதில் வைத்த மூட்டு ஆயுள் முழுவதும் வராது. இன்னும் ஓரிரு பெரிய அறுவை அவன் வாழ்நாளில் இருக்கும் என்றே கணக்கு வையுங்கள். கால்பந்து இனி இல்லை. ஓடுவதும் குதிப்பதும் மூட்டைச் சீக்கிரம் கெடுக்கும். நீந்தலாம், சைக்கிள் ஓட்டலாம், நடந்து பள்ளிக்குப் போகலாம்.

வளர்ச்சியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் 13 வயதுப் பையனுக்கு அது பெரிய விஷயம். தொடை எலும்பின் கீழ்த் தட்டு ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் போல வளரும்; ஆண் பிள்ளைகளுக்கு 16 வயதை ஒட்டி நிற்கும். அந்தத் தட்டு போய்விட்டால் மூன்று சென்டிமீட்டர் குறையலாம். அறுவையின்போதே ஒரு சென்டிமீட்டர் கூட்டி வைக்கலாம். காலணியில் தடித்த அடி போடலாம். தக்க வயதில் மறு காலின் வளர்ச்சித் தட்டைச் சிறிய அறுவையால் நிறுத்திச் சமன் செய்யலாம். வளர்ந்துகொடுக்கும் உலோக மூட்டும் இருக்கிறது, விலை பல மடங்கு. இன்னும் ஏழெட்டு ஆண்டு வளர வேண்டிய சிறு பிள்ளைக்கு அது தேவைப்படும். உங்கள் மகனுக்கு அதற்காகக் கடன் வாங்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

காலை எடுக்கத்தான் வேண்டும் என்றால்

முழங்காலின் பின்புறம் பெரிய ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. கட்டி அவற்றைச் சுற்றி வளைத்திருந்தாலோ, கீமோவுக்கு அடங்காமல் வளர்ந்தாலோ, முழுமையாக எடுக்கக் காலை எடுப்பது ஒன்றே வழியாகலாம். அப்போது உங்கள் மூத்தார் சொன்னதுதான் சரியான சிகிச்சை. அதைத் தோல்வி என்று யாரும் சொல்லக் கூடாது. பல ஆண்டுகள் கழித்துக் கேட்டுப் பார்த்த ஆய்வுகளில், காலை இழந்தவர்களும் காலைக் காத்துக்கொண்டவர்களும் தங்கள் வாழ்க்கையைப் பற்றி ஏறக்குறைய ஒரே அளவு மனநிறைவைத்தான் சொல்கிறார்கள். காலின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, பாதத்தைப் பின்புறமாகத் திருப்பித் தொடையில் இணைத்து, கணுக்காலையே முழங்காலாக வேலை செய்யவைக்கும் முறையும் உண்டு. 1970களில் வியன்னாவில் எலும்புப் புற்றுக்குக் கையாளத் தொடங்கினார்கள். பார்க்க விசித்திரமாக இருக்கும். செயற்கைக் காலோடு பிள்ளைகள் அதில் ஓடி விளையாடுகிறார்கள். கால்பந்தே உயிர் என்று இருக்கும் பையனிடம் இப்படி ஒரு வழி இருப்பதையாவது சொல்ல வேண்டும்.

மனம் ஒப்பவில்லை என்றால் இன்னொரு நிபுணரின் கருத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கோலாலம்பூரிலேயே எலும்புப் புற்றைப் பார்க்கும் வேறு குழுக்கள் இருக்கின்றன. எம்ஆர்ஐ படங்களின் குறுந்தட்டையும், திசு ஆய்வு அறிக்கையையும், முடிந்தால் திசுவின் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்; எந்த மருத்துவரும் இதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார். ஆனால் அடுத்த வாரக் கீமோவை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். அறுவையைப் பற்றி முடிவெடுக்க இன்னும் பல வாரம் இருக்கிறது. கீமோவைத் தொடங்க அவ்வளவு நேரம் இல்லை.

பணமும் பள்ளியும்

அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்கு நிபுணரைப் பார்க்கும் கட்டணம் 5 ரிங்கிட்தான். உங்களை அழுத்தப்போவது உலோக மூட்டின் விலை, பல பத்தாயிரம் ரிங்கிட். வார்டிலேயே மருத்துவச் சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு அவர் வழியாக விண்ணப்பிக்கலாம். பொருளை வாங்குவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். மக்னா என்னும் தேசியப் புற்றுநோய் மன்றமும் உதவுகிறது. பிள்ளையின் கடும் நோய்க்காக உங்கள் கணவர் ஊழியர் சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து, இப்போதைய பெயரில் செஜாதெரா கணக்கிலிருந்து, பணம் எடுக்கவும் வழி உண்டு. மகனின் படத்தையும் பெயரையும் போட்டு முகநூலில் பணம் திரட்டலாம் என்று உறவினர் சொன்னால், அவனைக் கேட்காமல் செய்யாதீர்கள். முடி கொட்டிய தன் படத்தைப் பல ஆண்டுகள் கழித்தும் அவன் அங்கே பார்ப்பான்.

பள்ளியைப் பொறுத்தவரை, 2011 முதல் கல்வி அமைச்சு சில மருத்துவமனைகளில் மருத்துவமனைப் பள்ளி நடத்துகிறது. கோலாலம்பூர் மருத்துவமனையிலும் உண்டு. சேர்ந்து படிக்கட்டும். ஒரு வருடப் பாடம் போவதைவிட, தான் இன்னும் மாணவன்தான் என்ற நினைப்பு போவது பெரிய இழப்பு.

அவனிடம் சொல்லுங்கள்

பதினெட்டு வயது ஆகாததால் கையெழுத்து உங்களுடையது. கால் அவனுடையது. பதின்மூன்று வயதுப் பையனுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். வார்டின் பெயர்ப்பலகையைப் படிக்க அவனுக்குத் தெரியும். உங்கள் கண் வீங்கியிருப்பதும் தெரியும். தெரிந்ததை உங்களிடம் கேட்டால் நீங்கள் அழுவீர்கள் என்று அவன் கேட்காமல் இருக்கிறான். முடி கொட்டும் நாளில் அவன் தானாகவே புரிந்துகொள்வதைவிட, அதற்கு முன் அம்மா அப்பா வாயால் கேட்பது நல்லது. நோயின் பெயரைச் சொல்லுங்கள். ஸ்கேனில் பரவியதாகத் தெரியவில்லை என்று சொல்லுங்கள். மருந்து கஷ்டமாக இருக்கும், பிறகு அறுவை இருக்கும், காலைக் காக்கத்தான் எல்லோரும் முயல்கிறார்கள், அது முடியாமல் போகவும் வாய்ப்பு உண்டு என்று சொல்லுங்கள். கால்பந்தைப் பற்றி அவன் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். அன்று அவன் அழுவான், பக்கத்தில் இருங்கள். உலோக மூட்டின் மாதிரியை மருத்துவரிடம் கேட்டு அவன் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். என்னிடம் வரும் பையன்கள் அதை வாங்கி, மடக்கி, நீட்டி, எடை பார்த்துவிட்டுத்தான் முதல் கேள்வியைக் கேட்பார்கள். அந்தக் கேள்விகள் பெரியவர்கள் கேட்பதைவிடக் கூர்மையாக இருக்கும்.

கடைசியாக, உங்கள் வேண்டுதல். உலோகம் உள்ளே இருக்கும் காலம் முழுவதும், ரத்தத்தில் ஏறும் எந்தக் கிருமியும் அதில் போய் ஒட்டிக்கொள்ளலாம். பல் சொத்தை, சீழ்க் கட்டி, நகச்சுற்று எதையும் அலட்சியம் செய்யக் கூடாது. அதே காரணத்தால் அலகு குத்துவது அவனுக்குக் கூடாது. தோளில் கனத்த காவடியைச் சுமந்து ஏறுவதும் மூட்டுக்கு ஆகாது. முருகனுக்குப் பால்குடம் போதும். அதை நீங்கள் சுமந்துகொள்ளுங்கள். சிகிச்சையெல்லாம் முடிந்து, ரத்த அணுக்கள் சரியாகி, மருத்துவர் சம்மதித்த பிறகு, தைப்பூசக் கூட்டத்தில் அல்லாமல் ஒரு சாதாரண வேலைநாளின் காலையில் போங்கள். படிகள் 272. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறும்போது ஒவ்வொரு படியிலும் இடது காலை முதலில் வைக்கட்டும். இறங்கும்போது வலது காலை முதலில். இயன்மருத்துவர் அவனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருப்பார். நடுவில் இரண்டு மூன்று இடத்தில் உட்கார்ந்து இளைப்பாறுங்கள்.